கடிகாரக் குறி நின்ற இரவு: 2021 ஃபேஸ்புக் முடக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை இரவு. மறுநாள் காலை ரயிலில் புறப்பட வேண்டிய தங்கைக்கு டிக்கெட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். மணி 9:13. ஒற்றை டிக் விழ வேண்டிய இடத்தில் சின்னக் கடிகாரக் குறி வந்து நின்றது. இரண்டு நிமிடம் பார்த்தேன், நகரவில்லை. எழுந்து போய் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். நெட்வொர்க் வேலையிலேயே பதினைந்து ஆண்டு கழித்தவன் முதலில் செய்தது இதைத்தான் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

முடக்கம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடித்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப், மெசஞ்சர் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போயின. இவற்றில் ஏதாவது ஒன்றையாவது மாதந்தோறும் பயன்படுத்துவோர் சுமார் 350 கோடிப் பேர் என்பது அந்த நிறுவனமே அப்போது சொன்ன கணக்கு. வலைப்பின்னல் படிக்க வரும் மாணவர்களுக்கு, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளான நெறிமுறைகளைப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். அதற்குப் பதிலாக இந்த ஓர் இரவை எடுத்துக்கொண்டு, எந்த நெறிமுறை எந்த இடத்தில் நின்றது, எது தன் வேலையைச் சரியாகச் செய்ததாலேயே கெடுதல் வந்தது என்று பார்க்கலாம்.

வீட்டுக்குள் என்ன பழுது?

ஒன்றுமில்லை. ரவுட்டர் மீண்டும் உயிர் பெற்றதும் என் மடிக்கணினி வீடு முழுக்கக் கேட்கும்படி கூவியது: "புதிதாக வந்திருக்கிறேன், யாராவது முகவரி கொடுங்கள்." இது டிஎச்சிபி. ரவுட்டர் 192.168.1.7 என்ற எண்ணைக் கொடுத்தது. வெளியே போகும் வாசல் 192.168.1.1 என்றும், பெயர்களுக்கு முகவரி விசாரிக்க இன்ன சர்வரைக் கேள் என்றும் கூடவே சொன்னது. அடுத்து ஏஆர்பி: "192.168.1.1 யார்? உன் வன்பொருள் எண் என்ன?" அதற்கும் விடை வந்தது. எல்லாம் ஒரு விநாடிக்குள்.

பிறகு கூகுளின் பொதுச் சர்வரான 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் அனுப்பினேன். இது ஐசிஎம்பியின் வேலை. "இருக்கிறாயா" என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும். நான்கு கேள்வி போயிற்று, நான்கு பதில் வந்தது. அப்படியென்றால் ஐபி நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி எழுதி, ரவுட்டருக்கு ரவுட்டர் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஐபி. சேரும் என்று அது உறுதி தருவதில்லை. தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதும் முன்பின்னாக வந்ததை வரிசைப்படுத்துவதும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டிசிபியின் தலைவலி. ஒரு செய்தித்தளத்தைத் திறந்தேன், உடனே திறந்தது. டிசிபி இணைப்பு போட்டது, டிஎல்எஸ் பூட்டுச் சாவி மாற்றிக்கொண்டது, எச்டிடிபி பக்கத்தைக் கொண்டுவந்தது. மூன்றும் நலம்.

கடைசியாக ஃபேஸ்புக்.காம் என்ற பெயருக்கு முகவரி கேட்டேன். சில விநாடிகள் திரையில் எதுவும் இல்லை. பிறகு ஒரே சொல் வந்தது: 'செர்வ்ஃபெயில்'.

பெயர் இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெயரைச் சொன்னால் முகவரி தேடித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ். அது தரக்கூடிய மறுப்புகளில் இரண்டு முக்கியம். ஒன்று 'என்எக்ஸ்டொமைன்': அப்படி ஒரு பெயரே கிடையாது. மற்றது 'செர்வ்ஃபெயில்': கேட்க வேண்டியவர்களைக் கேட்டேன், விடை கிடைக்கவில்லை. முதலாவது, ஊரில் அப்படி ஒரு ஆளே இல்லை என்பது. இரண்டாவது, ஆள் இருக்கிறார், விவரம் தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை என்பது.

அன்றிரவு சில தானியங்கி டொமைன் தளங்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஃபேஸ்புக்.காம் விற்பனைக்கு இருக்கிறது என்று காட்டின. ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சி "என்ன விலை?" என்று கிண்டலாகக் கேட்டார். பெயர் விற்பனைக்கு வரவேயில்லை. பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

ஒரு பெயருக்கு முகவரி தேடுவது படிப்படியாக நடக்கும். 1983 வாக்கில் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. அதற்கு முன் வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகப் பெருக அந்தக் கோப்பு கட்டுக்கடங்காமல் போயிற்று. டிஎன்எஸ் அதைப் பங்கு பிரித்துக் கொடுத்தது. உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் விசாரிக்கும் சர்வர், முதலில் வேர் சர்வர்களில் ஒன்றைக் கேட்கும். "எனக்குத் தெரியாது, .காம் சர்வர்களைக் கேள்" என்பது பதில். .காம் சர்வர் சொல்லும்: "ஃபேஸ்புக்கின் விவரம் இந்த நால்வருக்குத்தான் தெரியும்: 129.134.30.12, 129.134.31.12, 185.89.218.12, 185.89.219.12." நடைமுறையில் இவ்வளவு தூரம் ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டியதில்லை, ஒருமுறை கேட்ட விடையைக் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். .காம் சர்வர்கள் தரும் இந்த நால்வர் பட்டியலுக்கு ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள்.

ஆகவே அக்டோபர் 4 இரவும் அந்த நால்வர் யார் என்பது உலகம் முழுக்கத் தெரிந்தே இருந்தது. யுடிபி வழியாக, 53ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது கணினியில் ஒரு சேவைக்கு ஒதுக்கிய வாசல் எண்), ஒரு சிறிய கேள்விப் பொட்டலம் போயிற்று. யுடிபி டிசிபியைப் போலக் கைகுலுக்கிவிட்டுப் பேசாது. கேள்வியை வீசிவிட்டுக் காத்திருக்கும். முதல் முகவரியிலிருந்து பதில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நான்கையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் செர்வ்ஃபெயில் என்று கைவிரித்தது. என் திரையில் இருந்த அந்தச் சில விநாடி வெறுமை இதுதான்.

நால்வரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். இதைப் பின்னால் ஃபேஸ்புக்கே எழுதியது: டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றை எட்டத்தான் முடியவில்லை.

வழியைத் திரும்பப் பெற்றார்கள்

இணையம் ஒரே வலை அல்ல. பல்லாயிரம் தனித்தனி வலைகள் கூட்டு சேர்ந்து நடத்தும் ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஃபேஸ்புக்கின் எண் 32934. எந்த முகவரிக்கு எந்த வலை வழியாகப் போவது என்று இவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பேச்சுக்குப் பெயர் பிஜிபி. 1989இல் ஒரு கூட்டத்தின் மதிய உணவு வேளையில் சிஸ்கோவின் கர்க் லாஹீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் கைதுடைக்கும் காகிதத்தில் கிறுக்கி ஆரம்பித்தது இது. அடுத்த சில காலத்துக்குச் சமாளித்தால் போதும் என்று போட்ட தற்காலிகப் பந்தல். இன்று உலகமே அதன் கீழ் நிற்கிறது.

பிஜிபி பேசும் இரண்டு ரவுட்டர்கள் 179ஆம் போர்ட்டில் ஒரு டிசிபி இணைப்பைப் போட்டுக்கொண்டு நாள்கணக்கில், மாதக்கணக்கில் அதை விடாமல் வைத்திருக்கும். பேச்சு பெரும்பாலும் இரண்டே வகை. "இந்த முகவரித் தொகுதிக்கு என் வழியாக வரலாம்" என்பது அறிவிப்பு. "இனி வர வேண்டாம்" என்பது விலக்கல். அறிவிப்பைக் கேட்டவர் தன் பெயரையும் சேர்த்து அடுத்தவரிடம் சொல்வார். விலக்கலையும் அப்படியே கடத்துவார். பிஜிபியின் அடிப்படை வடிவில் யாரும் யாரிடமும் "நிஜமாகவா?" என்று கேட்பதில்லை.

கேட்காததன் விளைவை 2008 பிப்ரவரி 24இல் உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரித் தொகுதியில் ஒரு சிறு பகுதியைத் தன்னுடையது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக வெளியே கசிந்தது. பெரிய தொகுதியை விடச் சிறிய தொகுதிக்கான வழியையே ரவுட்டர்கள் தேர்ந்தெடுக்கும் என்பது விதி. உலகத்தின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தானுக்குத் திரும்பி, அங்கே குப்பைத் தொட்டியில் விழுந்தது. அது சரியாவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது.

2021இல் நடந்தது இதற்கு நேரெதிர். பொய் அறிவிப்பு எதுவும் இல்லை. அறிவிப்பே இல்லாமல் போயிற்று. நம் நேரம் இரவு 9:10 வாக்கில், 32934இலிருந்து திடீரென்று ஏராளமான வழி மாற்றச் செய்திகள் கிளம்பின என்பதை வெளியிலிருந்து கவனித்த கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் அந்த நால்வரின் முகவரித் தொகுதிகளுக்கான விலக்கல்களும் இருந்தன. சற்று நேரத்தில் உலகத்து ரவுட்டர்களின் அட்டவணையில், சுமார் 9 லட்சம் வழிகளுக்கு நடுவில், அந்தச் சில வரிகள் மட்டும் இல்லை. எனது 53ஆம் போர்ட்டுக் கேள்வி போன பாதையில் ஏதோ ஒரு ரவுட்டர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, வழி இல்லை என்று பொட்டலத்தைக் கீழே போட்டிருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கின் மற்ற முகவரிகள் சிலவற்றுக்கு வழி அப்போதும் இருந்தது. அப்படியொரு முகவரியை மனப்பாடமாக வைத்திருந்தவர் யாராவது இருந்தால் அவரது பொட்டலம் வாசல்வரை போயிருக்கும். செயலிகளோ பெயரை விசாரித்துவிட்டுத்தான் நகரும்.

ஒரு கட்டளை

உள்ளே நடந்ததை அந்நிறுவனத்தின் உள்கட்டமைப்புத் துணைத்தலைவர் சந்தோஷ் ஜனார்தன் மறுநாள் விளக்கி எழுதினார். பெரிய நிறுவனங்கள் இப்படி வெளிப்படையாக எழுதுவது அரிது. அந்த வகையில் பாராட்ட வேண்டும். அவர் சொன்னதன் சாரம் இது.

ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்க, பல்லாயிரம் மைல் நீளத்துக்கு அவர்களுடைய சொந்த முதுகெலும்பு வலை இருக்கிறது. அதன் ரவுட்டர்களில் வழக்கமான பராமரிப்பு நடந்துகொண்டிருந்தது. முதுகெலும்பில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிடுவதற்காக ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அளந்து பார்க்க வேண்டிய அந்தக் கட்டளை முதுகெலும்பின் எல்லா இணைப்புகளையும் அணைத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுத்து நிறுத்தவென்றே ஒரு தணிக்கைக் கருவி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியில் ஒரு பிழை, அது தடுக்கவில்லை.

இதற்கும் டிஎன்எஸ்ஸுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் டேட்டா சென்டர்களுக்குள் அடைந்து கிடப்பவை அல்ல. பயனருக்குப் பக்கத்தில், பல ஊர்களில் இருக்கும் சிறிய மையங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: டேட்டா சென்டரோடு பேச முடியாமல் போனால், உன் வலைத்தொடர்பு சரியில்லை என்று பொருள், உன் பிஜிபி அறிவிப்பை நீயே நிறுத்திக்கொள்.

நல்ல விதிதான். தலைமை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்த வங்கிக் கிளை, பழைய கணக்கை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் குழப்பாமல் ஷட்டரை இறக்கிவிடுவது போல. மக்கள் அடுத்த தெருக் கிளைக்குப் போவார்கள். ஆனால் அன்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கணத்தில் தொடர்பு அறுந்தது. ஒவ்வொன்றும் பக்கத்துக் கிளை திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் தன் ஷட்டரை இறக்கியது. கடைசிக் கிளையாவது திறந்திருக்கட்டும் என்று எந்த விதியும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

அன்றும் மறுநாளும் வந்த செய்திகளில் "பிஜிபி பிழை", "டிஎன்எஸ் கோளாறு" என்றெல்லாம் தலைப்புகள். இரண்டுக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன். விலக்கு என்றார்கள், பிஜிபி விலக்கியது. எட்டவில்லை, டிஎன்எஸ் எட்டவில்லை என்றே சொன்னது. சொல்லப்போனால் டிஎன்எஸ் விழாமல் இருந்திருந்தாலும் என் தங்கைக்கு டிக்கெட் போயிருக்காது என்பது என் கணிப்பு. வாசல்வரை போன செய்தி, முதுகெலும்பு இல்லாமல் டேட்டா சென்டருக்குள் போக வழி கிடையாது. வாட்ஸ்ஆப் அந்த நிறுவனத்தின் வலைக்குள் குடியேறிய பிறகு அதற்குத் தனி வாசலும் இல்லை. டிஎன்எஸ் போனதால் கூடுதலாக இழந்தது வேறு: உள்ளே இருந்தவர்கள் பழுதுபார்க்கப் பயன்படுத்தும் கருவிகள்.

வாசலுக்கு வெளியே நின்ற பொறியாளர்கள்

தொலைவில் இருக்கும் ரவுட்டருக்குள் நுழைய இன்று எல்லோரும் நம்புவது எஸ்எஸ்எச். 1995இல் ஃபின்லாந்தில் ததூ இலோனன் எழுதியது, 22ஆம் போர்ட். யார் நுழைகிறார் என்பதைச் சரிபார்த்து, பேச்சு முழுவதையும் மறைகுறியாக்கித் தரும். ஆனால் அதுவும் டிசிபி மேல்தான் ஓடுகிறது, டிசிபி ஐபி மேல், ஐபிக்கு வழி வேண்டும். வழி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல சாவி இருந்தும் பயனில்லை.

இதற்காகவே பொறுப்பான நிறுவனங்கள் அவசரக் காலத்துக்கென்று ஒரு தனி இணைப்பு வைத்திருப்பார்கள். பெரிய வலை விழுந்தாலும் அந்தச் சிறு கம்பி வழியாக ரவுட்டரின் கன்சோலை, அதாவது அதற்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் முனையை, தொடலாம். ஃபேஸ்புக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. அன்று அதுவும் வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். ஆட்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

போனவர்கள் உடனே உள்ளே நுழைய முடியவில்லை. ஊழியர்களின் அடையாள அட்டைகள் கதவுகளில் வேலை செய்யவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் அன்றே எழுதினார். கதவை இயந்திரத்தால் அறுத்துத் திறந்தார்கள் என்றொரு கதையும் பறந்தது. அது உண்மையில்லை என்று பிறகு திருத்தம் வந்தது. ஆனால் நுழைவதற்கு நேரம் பிடித்தது என்பது நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் கட்டடங்களும், உள்ளே இருக்கும் ரவுட்டர்களும், கையில் கிடைத்தாலும் எளிதில் மாற்ற முடியாதபடி பாதுகாக்கப்பட்டவை. அன்றாடப் பாதுகாப்புக்காக, அரிதாக வரும் இப்படியொரு நாளில் மீள்வது தாமதமாவதை ஏற்கலாம் என்று ஜனார்தன் வாதிடுகிறார். கதவுப் பூட்டைப் பொறுத்தவரை எனக்கும் உடன்பாடே. அவசரக் கம்பியும் பெரிய வலையோடு சேர்ந்து விழுந்ததை மட்டும் அந்த வாதத்துக்குள் அடக்க முடியாது. அவசரக் கம்பியின் வேலையே பெரிய வலை விழும் நேரத்தில் தான் விழாமல் நிற்பதுதான்.

நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது ட்விட்டரில். வேறு இடம் இல்லை.

இதற்கிடையில் வெளியே இன்னொரு சுமை ஏறிக்கொண்டிருந்தது. செர்வ்ஃபெயில் வந்தால் செயலிகள் பேசாமல் இருப்பதில்லை. உடனே மறுபடி கேட்கும். மனிதரும் விரலால் திரையை இழுத்து இழுத்துப் புதுப்பிப்பார். கிடைத்த விடையானால் நினைவில் வைத்துச் சமாளிக்கலாம். கிடைக்காத விடையை அதிக நேரம் நினைவில் வைத்திருக்க முடியாது. கிளவுட்ஃப்ளேரின் பெயர் விசாரிக்கும் 1.1.1.1 சர்வருக்கு இந்தப் பெயர்களுக்கான கேள்விகள் வழக்கத்தைப் போல 30 மடங்கு வந்தன. மற்ற தளங்களும் மெதுவாகிவிட்டன என்று அன்று பலர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரில் இணைய நிறுவனங்களின் உதவி எண்களில் அன்று காத்திருந்தவர்களுக்கு "ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்ற அறிவுரை கிடைத்திருக்கும். எனக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை, நானே செய்துகொண்டேன்.

மெதுவாகத் திறந்தது

முதுகெலும்பு மீண்டதும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் போட்டுவிட முடியவில்லை. பயனர்கள் இல்லாததால் ஒவ்வொரு டேட்டா சென்டரிலும் மின்நுகர்வு பல பத்து மெகாவாட் அளவுக்குச் சரிந்திருந்தது. கோடிக்கணக்கான கைபேசிகள் ஒரே கணத்தில் உள்ளே பாய்ந்தால் மின்னமைப்பு முதல் தற்காலிகச் சேமிப்பு வரை எதுவும் தாங்காமல் போகலாம். அவர்கள் நெடுநாளாக 'புயல்' என்ற பெயரில் ஒத்திகை நடத்தி வந்திருக்கிறார்கள்: ஒரு டேட்டா சென்டரையோ ஒரு பிராந்தியத்தையோ வேண்டுமென்றே விழ வைத்து, மீட்டுப் பார்ப்பது. அந்தப் பழக்கம் அன்று கைகொடுத்தது. உலகளாவிய முதுகெலும்பே விழுவதை மட்டும் அவர்கள் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை.

நம் நேரம் அதிகாலை 2:30 வாக்கில் 32934இலிருந்து பிஜிபி செய்திகள் மீண்டும் வரத் தொடங்கி, 2:47இல் உச்சம் தொட்டன. 2:50 வாக்கில் ஃபேஸ்புக்.காம் என்ற பெயருக்கு மறுபடியும் விடை கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு கைபேசியிலும் பழைய வரிசை: பெயருக்கு முகவரி, டிசிபியின் மூன்று படிக் கைகுலுக்கல், சாவி பரிமாற்றம், காத்துக்கிடந்த செய்திகள்.

நான் அப்போது தூங்கிவிட்டேன். 11 மணிக்கே டிக்கெட்டைத் தங்கைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் எஸ்எம்எஸ்ஸில் தட்டியிருந்தேன். எஸ்எம்எஸ் தொலைபேசி நிறுவனத்தின் சமிக்ஞை வலையில் போவது, அதற்கு 32934 எங்கே இருக்கிறது என்பது தெரியவே தேவையில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வாட்ஸ்ஆப்பில் அதே டிக்கெட், பக்கத்தில் 9:13, இரண்டு நீல டிக். கீழே தங்கையின் பதில்: "எத்தனை தடவை அனுப்புவாய்?"